‘ரூமர்ஸ்’ முடிந்த இடத்தில் ‘டஸ்க்’ ஏன் தொடங்கவில்லை?

கேள்வி சுருக்கமாக இது: “ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தை மாதக்கணக்கில் விடாமல் கேட்டேன். அடுத்து ‘டஸ்க்’ போட்டேன். முதல் பாட்டு பரவாயில்லை, இரண்டாவது பாட்டிலேயே யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு ஏன் இப்படி ஒன்றைச் செய்தார்கள்? அது தோல்விதானே? நான் எதையாவது தவறவிடுகிறேனா?”

தவறவிடுகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. 1979 அக்டோபரில் அந்த ஆல்பத்தை வாங்கியவர்களில் ஏராளமானோர் உங்களைப் போலவே முகம் சுளித்தார்கள். எனக்கும் அது பிடிபட நாளாயிற்று. இப்போது அந்தக் குழுவின் ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், தயங்காமல் ‘டஸ்க்’கைத்தான் எடுப்பேன். ஏன் என்று சொல்ல, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

‘ரூமர்ஸ்’ வந்தபோது ஃப்ளீட்வுட் மேக் புதுக் குழு இல்லை. 1967ல் லண்டனில் பீட்டர் கிரீன் என்ற அபாரமான ப்ளூஸ் கிடார் கலைஞர் தொடங்கியது. டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசித்த ஜான் மெக்வீ இருவரின் பெயரையும் இணைத்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. சொற்களே இல்லாத ‘அல்பட்ராஸ்’ என்ற இசைத்துண்டு 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே பீட்டர் கிரீன் விலகினார். பின்னர் மனநலம் குலைந்து நெடுங்காலம் அவதிப்பட்டார். மற்ற கிடார் கலைஞர்களும் நிலைக்கவில்லை. ஜெரமி ஸ்பென்சர் 1971ல் சுற்றுப்பயணத்தின் நடுவே ஒரு மதக் குழுவில் சேரக் கிளம்பிவிட்டார். டேனி கிர்வன் 1972ல் நீக்கப்பட்டார். பாப் வெல்ச் 1974 இறுதியில் போனார். இத்தனை பேர் வந்து போக, நின்றவர்கள் மிக்கும் ஜானும், கீபோர்டு வாசித்துப் பாடிய ஜானின் மனைவி கிறிஸ்டினும்தான். 1974 கடைசியில் கிடார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹாம், அவருடைய காதலியான பாடகி ஸ்டீவி நிக்ஸ் என்ற கலிஃபோர்னிய ஜோடி சேர்ந்தது. அதாவது லண்டன் ப்ளூஸ் குழு ஏழெட்டு ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் பாப் குழுவாகிவிட்டது. ஒவ்வொரு முறை உடைந்தபோதும் வேறொன்றாக மாறித்தான் அது பிழைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

‘ரூமர்ஸ்’ பற்றி உங்களுக்கே தெரியும் என்பதால் நீட்டவில்லை. 1977 பிப்ரவரியில் வெளியானது. அமெரிக்கப் பட்டியலில் விட்டு விட்டு மொத்தம் 31 வாரம் முதலிடம். நான்கு பாட்டுகள் அங்கே முதல் பத்துக்குள். 1978ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. அந்தப் பாட்டுகள் உருவான காலத்தில் ஜானும் கிறிஸ்டினும் பிரிந்திருந்தார்கள், லிண்ட்சியும் ஸ்டீவியும் பிரிந்திருந்தார்கள், மிக்கின் இல்வாழ்க்கையும் உடைந்துகொண்டிருந்தது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதிய பாட்டுக்கு, எழுதப்பட்டவரே பக்கத்தில் நின்று பின்குரல் கொடுத்த ஆல்பம் அது. கேட்டவர்களுக்கு அது தேனாக இறங்கியது. பாடியவர்களோ மேடைக்கு மேடை, இரவுக்கு இரவு, அதே புண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என்ன செய்வது? நிறுவனத்துக்கும் ரசிகர்களுக்கும் பதில் தெளிவாக இருந்தது. ‘ரூமர்ஸ் இரண்டு’ வேண்டும். இதை ஏற்காத ஒரே ஆள் லிண்ட்சி பக்கிங்ஹாம்.

அவர் பக்கத்து நியாயத்தைப் பார்க்கலாம். குழுவின் ஒலியைக் கட்டியவர் அவர். கிறிஸ்டினும் ஸ்டீவியும் பாட்டைக் கொண்டுவந்தால், அதற்குக் கிடார் எங்கே வரவேண்டும், குரல்கள் எப்படி அடுக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் அவர்தான். ஆகவே அதே வேலையை அதே விதத்தில் இன்னொரு முறை செய்வது எவ்வளவு எளிது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அரைத்த மாவையே அரைக்கலாம். அதற்கும் ஒரு கோடிப் பேர் வரிசையில் நிற்பார்கள். அந்தச் சமயம் பார்த்து பங்க் இசையும் அதற்குப் பின்னால் வந்த புது அலையும் தலையெடுத்தன. அவர் க்ளாஷ், டாக்கிங் ஹெட்ஸ் போன்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களைப் போல வாசிக்க வேண்டும் என்பதில்லை. விற்பனை எண்ணிக்கையைப் பற்றிக் கவலையே படாமல் இசை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே அவரை உலுக்கியது. எந்த இசைக்காக வந்தோம், எந்த இடத்தில் வந்து நிற்கிறோம் என்று பலமுறை பேட்டிகளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். வெற்றியே நம்மை ஓட்டத் தொடங்கிவிடக் கூடாது என்ற பயம் அது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

அவர் வீட்டிலேயே 24 தடப் பதிவுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு தனியாக வேலை செய்யத் தொடங்கினார். டிரம்ஸ் வேண்டிய இடத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தட்டினார். நீங்கள் ‘யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல’ என்று எழுதியிருந்தீர்கள், உங்கள் காது பொய் சொல்லவில்லை. கிடாரின் ஸ்வரத்தை மிகக் கீழே இறக்கிக்கொண்டு பேஸின் இடத்தில் அதையே வாசித்தார். ‘தி லெட்ஜ்’ பாட்டின் அடியில் குமுறிக்கொண்டு ஓடுவது அதுதான். நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிந்து ஒலியின் நிறத்தையே மாற்றினார்.

பாடுவதிலும் இப்படித்தான். பதிவுப் பொறியாளர் கென் கலே நினைவுகூர்ந்த ஒரு காட்சி: ஓடு பதித்த தரையில் மைக்கை ஒட்டிவைத்துவிட்டு, தண்டால் எடுக்கும் நிலையில் கைகளை ஊன்றி, முகத்தைத் தரைக்கருகே கொண்டுபோய்ப் பாடியிருக்கிறார் லிண்ட்சி. குளியலறை ஓடுகளில் பட்டுத் திரும்பும் ஒலி, தோள்களும் வயிறும் இறுகிய நிலையில் நெரிந்து வரும் மூச்சு இரண்டும் அந்தக் குரலில் இருக்கின்றன. ‘நாட் தட் ஃபன்னி’யைக் கேளுங்கள். நிதானமாக உட்கார்ந்து யாராலும் அப்படிப் பாட முடியாது. வீட்டில் பிடித்ததை நாடாவில் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்து, மற்றவர்களையும் அதன் மேல் வாசிக்கச் சொல்வார். சில பாட்டுகளில் மற்றவர்களின் பங்கு மிகக் குறைவு.

இதையெல்லாம் மற்ற நால்வரும் எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி. அந்தக் காலத்தில் குழுவின் நிர்வாகத்தையும் மிக் ஃப்ளீட்வுட்டே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து ஒரு மேலாளர் இருந்திருந்தால் முதல் வாரமே கதவைச் சாத்தியிருப்பார். மிக்கோ பத்தாண்டுகளில் மூன்று நான்கு கிடார் கலைஞர்களை இழந்தவர். ஆளைப் பிடித்து நிறுத்துவதை விட, அவர் போகும் வழியில் கொஞ்ச தூரம் நாமும் போவது மேல் என்பதை அவர் பட்டு அறிந்திருந்தார். முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

வீட்டுக் குளியலறை ஒரு பக்கம் என்றால், மறுபக்கம் கணக்கில்லாத செலவு. லாஸ் ஏஞ்சலிஸில் வில்லேஜ் ரெக்கார்டர் என்ற ஸ்டூடியோவின் டி அறை இந்த ஆல்பத்துக்காக அமைந்தது. ஸ்டூடியோவையே வாங்கிவிடலாம் என்று மிக் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. வாடகையாகவே பெருந்தொகை போனது. ஒலிக்கலவை மேசையின் இரு பக்கமும் தந்தங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ‘டஸ்க்’ என்றால் தந்தம். பெயர் வந்த வழியாக இதையும் சொல்வார்கள். பதிவுச் செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. ராக் இசையில் அதற்கு முன் அப்படிக் கேள்விப்பட்டதில்லை. குளியலறைத் தரையில் பிடித்த ஒலியும், உலகிலேயே விலை கூடிய அறைகளில் ஒன்றில் பிடித்த ஒலியும் ஒரே இசைத்தட்டில் அடுத்தடுத்து வருவதால்தான் முதல் தடவை கேட்கும்போது அந்தத் தூக்கிவாரிப் போடுதல்.

தலைப்புப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அது பாட்டாகவே தொடங்கவில்லை. கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும்போது மிக்கும் லிண்ட்சியும் வழக்கமாக வாசித்து வந்த ஒரு சின்ன தாளச் சுழல், அவ்வளவுதான். ஸ்டூடியோவில் அதை வைத்துப் பலவிதமாக முயன்றும் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் நன்றாக அமைந்த ஒரு சில நொடித் தாளத்தை மட்டும் எடுத்து, நாடாவை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். கணினி இல்லாத காலத்தில் ‘லூப்’ என்றால் நிஜமாகவே வளையம்தான். பாட்டின் அடியில் மூச்சு வாங்காமல் சுற்றிச் சுற்றி வருகிறதே ஒரு டிரம்ஸ், அது அந்த நாடா.

அதன் மேல் பித்தளை வாத்தியங்களைச் சேர்க்கும் யோசனை மிக்கினுடையது. பிரான்சில் நார்மண்டிப் பகுதி ஊர் ஒன்றில் தங்கியிருந்தபோது, தெருவில் ஊர்வலமாக வாசித்துப் போன உள்ளூர் பித்தளை வாத்தியக் குழு அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. அந்தக் குழுவின் பின்னால் ஊரே திரண்டு போனதைப் பார்த்தவருக்கு இந்தத் தாளம் நினைவுக்கு வந்தது. திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் தெருமுனையில் திரும்பும்போது வீட்டுக்குள் இருப்பவர்களின் கால்கள் தாமாக வாசலுக்கு வருமே, அந்த மாதிரி ஒன்றைத்தான் அவர் கண்டிருக்க வேண்டும். தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவை அழைத்தார்கள். 1979 ஜூனில் ஆளில்லாத டாட்ஜர் ஸ்டேடியத்தில், திறந்த வெளியில், 112 மாணவர்கள் வாசிக்க, அதைப் பதிவு செய்தார்கள். படமும் எடுத்தார்கள். அன்று ஜான் மெக்வீ ஊரில் இல்லை. அவருடைய முழு உருவ அட்டைப் படத்தை மிக் கையில் தூக்கிக்கொண்டு திரிவதை அந்தப் படத்தில் பார்க்கலாம்.

ஹெட்போனில் கேளுங்கள். முதலில் கூட்டத்தின் சலசலப்பு. தூரத்தில் நடக்கும் ஊர்வலம் போல டிரம்ஸ். குரல் பாடுவதாகவே இல்லை. காதருகே முணுமுணுக்கிறது, சந்தேகப்படுகிற மனிதனின் முணுமுணுப்பு. பிறகு மொத்தமாக ஒரு கத்தல், அதன் பின்னே பித்தளை வாத்தியங்கள் பொங்கிக்கொண்டு வருகின்றன. நடுவில் தாளம் மொத்தமும் குலைந்து டிரம்ஸ் படிக்கட்டில் உருள்கிறது. சட்டென்று மறுபடி அதே வளையம். இதைத்தான் ஆல்பத்தின் முதல் சிங்கிளாக, அதாவது தனியாக வெளியிடும் பாட்டாக விட்டார்கள். ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தின் ‘ட்ரீம்ஸ்’ போன்ற ஒரு பாட்டை எதிர்பார்த்து வானொலியைத் திருப்பியவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! அப்படியும் அமெரிக்காவில் 8ஆம் இடம், பிரிட்டனில் 6ஆம் இடம் வரை போனது.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியக் கேள்விக்கு வருகிறேன். “லிண்ட்சி ஒருவர் தன் பிடிவாதத்தால் ஆல்பத்தைக் கெடுத்துவிட்டார்” என்ற பேச்சு அப்போதே கிளம்பியது, இன்றும் ஓயவில்லை. நான் ஒருநாள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மொத்தம் 20 பாட்டு. லிண்ட்சியுடையவை 9, கிறிஸ்டினுடையவை 6, ஸ்டீவியுடையவை 5. எண்ணிக்கையில் லிண்ட்சி ஓங்கி நிற்கிறார். ஆனால் நேரத்தைக் கூட்டினால் அவருடைய ஒன்பதும் சேர்ந்து ஏறக்குறைய 27 நிமிடம்தான். ஸ்டீவியின் ஐந்தும் அதே 27 நிமிடம்! கிறிஸ்டினுக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல். முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக ‘ரூமர்ஸ்’ கேட்டவருக்குப் பழக்கமான இரண்டு குரல்கள்தான் பாடுகின்றன. தனியே எடுத்துத் தொகுத்தால் அதுவே ஒரு முழு ஆல்பம், அதுவும் அருமையான ஆல்பம்.

அப்படியானால் ஏன் ஆல்பம் முழுவதும் கரடுமுரடாகத் தோன்றுகிறது? வரிசைதான் காரணம். முதல் பக்கத்தையே பாருங்கள். கிறிஸ்டினின் ‘ஓவர் அண்ட் ஓவர்’ மெதுவாக, கெஞ்சலாக, தயங்கித் தயங்கி வருகிறது. ஒரு பெரிய ஆல்பத்தை இவ்வளவு தணிந்த பாட்டோடு தொடங்கியதே துணிச்சல். அது அடங்குவதற்குள் ‘தி லெட்ஜ்’ இரண்டே நிமிடத்தில் கல்லெறிந்துவிட்டு ஓடுகிறது. உடனே ‘திங்க் அபவுட் மீ’, வானொலிக்கு வாகான கிறிஸ்டின் பாட்டு. பிறகு லிண்ட்சியின் ‘சேவ் மீ எ பிளேஸ்’. அதில் கோபம் இல்லை, ஒண்ட இடம் கேட்கும் குரல் இருக்கிறது. முடிவில் ஸ்டீவியின் ‘சாரா’, ஆறு நிமிடத்துக்கு மேல் அலை அலையாக. லிண்ட்சியின் பாட்டு ஒவ்வொன்றும் அதற்கடுத்த பாட்டைக் கேட்கும் காதைத் துடைத்துவிடுகிறது. ‘தி லெட்ஜ்’ இல்லாமல் ‘திங்க் அபவுட் மீ’யைத் தனியே கேட்டால் அது நல்ல பாட்டு, அவ்வளவுதான். இங்கே அது நிம்மதிப் பெருமூச்சாக வருகிறது. ரசத்துக்குப் பிறகு மோர் எப்படி இறங்குமோ அப்படி.

இரண்டாம் பக்கத்தில் ‘ஸ்டார்ம்ஸ்’ என்ற ஸ்டீவியின் பாட்டைத் தவறவிடாதீர்கள். டிரம்ஸ் ஏறக்குறைய ஒதுங்கி நிற்க, ஒரு கிடாரும் அடுக்கடுக்கான குரல்களும் மட்டும். மிக்குடன் தனக்கிருந்த உறவு முறிந்ததைப் பற்றியது என்று ஸ்டீவியே சொல்லியிருக்கிறார். அதற்கு இசையமைப்பைச் செதுக்கியவர் அவருடைய பழைய காதலரான லிண்ட்சி. ‘முரட்டுப் பரிசோதனைக்காரர்’ என்று வசை வாங்கிய அதே ஆள், இன்னொருவரின் பாட்டில் எவ்வளவு அடக்கமாக நிற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடுத்து வரும் ‘தட்ஸ் ஆல் ஃபார் எவ்ரிஒன்’ அவருடையதே. பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் மேல் அவருக்கிருந்த பக்தி முழுக்க அந்தக் குரலடுக்கில் தெரியும்.

குறைகளையும் சொல்கிறேன். மூன்றாம் பக்கம் தளர்கிறது. ‘தட்ஸ் இனஃப் ஃபார் மீ’ இரண்டு நிமிடம்கூட இல்லை, ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு அது அதிகம். ‘நாட் தட் ஃபன்னி’யும் ‘ஐ நோ ஐம் நாட் ராங்’கும் ஒரே வரிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன, இரண்டில் ஒன்று போதும் என்பது என் எண்ணம், அதுவும் இரண்டாவதுதான் நிற்க வேண்டும். ‘வாக் எ தின் லைன்’ பாட்டுக்கு இன்னும் நல்ல இடம் கொடுத்திருக்கலாம். ஒன்றன் மேல் ஒன்றாக இடறி விழும் டிரம்ஸுக்கு மேலே அவ்வளவு சோகமான மெட்டு. மிக் ஃப்ளீட்வுட் 1981ல் கானா நாட்டுக்குப் போய்ச் செய்த தனி ஆல்பத்தில் அந்தப் பாட்டை மறுபடி எடுத்தார், ஜார்ஜ் ஹாரிசன் அதில் கிடார் வாசித்தார். அந்தப் பதிவும் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.

தோல்வியா என்று கேட்டீர்கள். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 4ஆம் இடம், உலகம் முழுவதும் சுமார் 40 லட்சம் பிரதிகள். ‘சாரா’ அமெரிக்காவில் 7ஆம் இடம் பிடித்தது. வேறு எந்தக் குழுவுக்காவது இது நடந்திருந்தால் விருந்து வைத்திருப்பார்கள். ‘ரூமர்ஸ்’ பக்கத்தில் வைத்தபோதுதான் அது சறுக்கலாகத் தெரிந்தது. விற்பனை குறைந்ததற்கும் இசை மட்டும் காரணமில்லை. இரட்டைத் தட்டு என்பதால் விலை 15.98 டாலர்; ஒற்றைத் தட்டு அதில் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைத்த காலம் அது. 1979ல் அமெரிக்க இசைத்தட்டு வணிகமே படுத்திருந்தது. போதாததற்கு ஆர்கேஓ வானொலி நிலையங்கள் ஆல்பம் முழுவதையும் ஒலிபரப்பின. கேசட் ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே பதிந்துகொண்டார்கள். விற்பனை சரிந்ததற்கு மிக் அந்த ஒலிபரப்பைத்தான் பெரிதும் குறை சொன்னார்.

இதே ஊரில், இதே ஆண்டில், இதே சிக்கலில் இன்னொரு குழு மாட்டியிருந்தது: ஈகிள்ஸ். அவர்களின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ 1976 டிசம்பரில் வந்து உலகை அடித்துப் போட்டது. அடுத்தது அதற்கு ஈடாக இருந்தே தீர வேண்டும் என்று ஒன்றரை ஆண்டு ஸ்டூடியோவில் இழைத்தார்கள். ஒவ்வொரு வரியையும் திருத்தித் திருத்தி 1979 செப்டம்பரில் ‘தி லாங் ரன்’ வெளியானது. விற்பனையில் வெற்றிதான். ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் உட்கார்ந்தது, ‘டஸ்க்’கால் அந்த இடத்தைத் தொடவே முடியவில்லை. ஆனால் அந்த இழைப்பிலேயே அவர்கள் ஒருவருக்கொருவர் ஆகாமல் போனார்கள். 1980 ஜூலையில் லாங் பீச் கச்சேரியில் மேடையிலேயே இருவர் சண்டைக்கு நின்றார்கள். குழு உடைந்தது, மறுபடி சேரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ‘டஸ்க்’ செய்த ஐவருக்குள்ளும் பகை குறைவில்லை. அவர்களிடம் இருந்த காயங்கள் இன்னும் ஆழமானவை. ஆனாலும் அதே ஐவரும் 1987 வரை பிரியாமல் இருந்து இன்னும் இரண்டு ஸ்டூடியோ ஆல்பங்கள் செய்தார்கள். ஆளுக்கொரு மூலையில் தன் பாட்டைத் தன் விதமாகச் செய்துகொள்ள ‘டஸ்க்’ இடம் கொடுத்ததே அதற்கு ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே சட்டைக்குள் ஐந்து பேரையும் திணித்திருந்தால் கிழிந்திருக்கும்.

அதற்கான விலையை லிண்ட்சி கொடுத்தார். இனி இப்படி வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. 1982ல் வந்த ‘மிராஜ்’ வழவழப்பான பாப், அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடம். நல்ல பாட்டுகள் அதிலும் உண்டு. ஆனால் போட்டு முடித்த பிறகு மனதில் எதுவும் உறுத்துவதில்லை. லிண்ட்சி தன் விசித்திரங்களைத் தனி ஆல்பங்களுக்கு ஒதுக்கிக்கொண்டார். ‘டஸ்க்’ மட்டும் மெல்ல மெல்லப் பேரெடுத்தது. 2002ல் கேம்பர் வான் பீத்தோவன் என்ற குழு அந்த ஆல்பம் முழுவதையும் தாங்களே வாசித்து வெளியிட்டது. 1997ல் ஐவரும் மீண்டும் கூடி ‘தி டான்ஸ்’ கச்சேரியைப் பதிந்தபோது அந்தப் பல்கலைக்கழக வாத்தியக் குழு மறுபடி வந்து உடன் வாசித்தது. அந்தக் காணொளியில் மிக்கின் முகத்தைப் பாருங்கள். பதினெட்டு வருடம் முன்பு விலை பார்க்காமல் செய்தது வீண் போகவில்லை என்ற சந்தோஷம் அதில் தெரியும்.

எப்படிக் கேட்பது? 74 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். இது நான்கு பக்கங்களாகச் செய்யப்பட்டது. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும், அந்த ஓய்வும் ஆல்பத்தின் பகுதி. ஐந்தைந்து பாட்டாகப் பிரித்து, நான்கு மாலைகளில் கேளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கைபேசி தானாகக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு நேர்ந்தது. நான் முதலில் வாங்கியது பழைய சிடி. ஒரே சிடியில் ஆல்பம் முழுவதும் அடங்காது என்று அந்தக் காலத்தில் ‘சாரா’வை வெட்டி நாலரை நிமிடச் சொச்சமாகப் போட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. வருடக்கணக்கில் அதையே முழுப் பாட்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். 2004ல் வந்த மறுபதிப்பில் முழு வடிவத்தைக் கேட்டபோது, முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்துக்கு அப்பாலும் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கதவு இருப்பதே தெரியாத வீட்டில் இன்னோர் அறை திறந்த மாதிரி நின்றுவிட்டேன். நீங்கள் கேட்பது ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பக்கம் தளர்கிறது என்றேன். அதிலும் ஒரு பாட்டுக்காகப் பொறுத்திருங்கள்: கிறிஸ்டினின் ‘பிரவுன் ஐஸ்’. சொற்கள் கொஞ்சம்தான், பெரும்பாலும் குரல்கள் மிதக்கின்றன. பாட்டு மங்கி மறையும் தறுவாயில், அடியில் ஒரு கிடார் மெல்ல எழும். ஆல்பத்தின் அட்டையில் அந்தக் கலைஞரின் பெயர் இல்லை. அவர் பீட்டர் கிரீன்; 1967ல் இந்தக் குழுவைத் தொடங்கிப் பெயர் வைத்தவர். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர் வந்துபோனதே தெரியாது.